கழித்துவிடும் கை: கார் ஏசியின் வாயுவும் சமண அறமும்

ஒரு செயலைத் தீவினை என்று முடிவு செய்யச் செய்தவரின் எண்ணத்தைப் பார்ப்பதா, அதனால் விளைந்த கேட்டைப் பார்ப்பதா என்பது சமணருக்கும் பௌத்தருக்கும் இடையே மிகப் பழங்காலம் தொட்டு நடந்துவந்த வழக்கு. பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தின் 56-ஆம் சூத்திரமாகிய உபாலி சூத்திரம் இந்த வழக்கையே பொருளாகக் கொண்டது. மனத்தால் செய்யும் தீமையைவிட உடலால் செய்யும் தீமையே கொடியது என்னும் தம் சமயக் கொள்கையை நிலைநாட்டப் புத்தரிடம் வாதுக்குச் செல்லும் உபாலி என்ற சமண இல்லறத்தார், நடந்து செல்லும் துறவியின் காலடியில் அவர் அறியாமலே சிற்றுயிர்கள் மடிந்தால் அது குற்றமா என்று கேட்கப்படுகிறார். எண்ணாமல் நேர்ந்தது பெருங்குற்றமாகாது, எண்ணிச் செய்தால் பெருங்குற்றம் என்று தம் ஆசிரியரின் கருத்தை அவர் எடுத்துச் சொல்ல, அந்த விடையே மனத்தின் முதன்மைக்குச் சான்றாகி அவரைத் தோற்கடித்துவிடுகிறது. இது பௌத்தர்கள் எழுதிவைத்த கதை என்பதை மறந்துவிடக் கூடாது. தமிழில் இதே வழக்கின் மறுபக்கத்தைச் சொல்லும் நீலகேசியில், கொன்றவனுக்கே பாவம், விலைக்கு வாங்கி உண்பவனுக்கு இல்லை என்ற பௌத்த வாதத்தைச் சமணப் பெண் துறவியான நீலகேசி ஈவிரக்கமின்றி மறுத்துத் தள்ளுகிறாள்.

இந்தப் பழைய வழக்கை இன்று மீண்டும் எடுத்து விசாரிக்கத்தக்க இடங்களுள் ஒன்று, சற்றும் எதிர்பாராத வகையில், காரின் ஏசியைப் பழுது பார்க்கும் பட்டறை. அங்கே குழாயின் வால்வைத் திறந்து வாயுவை வெளியே விடும் தொழிலாளியிடம் பகையோ பேராசையோ இல்லை. அவர் கண்ணெதிரே துன்புறும் உயிர் எதுவும் இல்லை. வெளியேறிய வாயுவுக்கு நிறமில்லை, சொல்லத்தக்க மணமுமில்லை. எண்ணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அங்கே குற்றம் ஏதும் நிகழவில்லை. விளைவை மட்டும் அளவுகோலாகக் கொண்டாலும், அந்த ஒரு வண்டியின் வாயுவால் இன்னாருக்கு இன்ன கேடு வந்தது என்று சுட்டிக்காட்ட யாராலும் இயலாது. இரண்டு அளவுகோல்களும் கைவிடும் இடத்தில் அறம் என்ன சொல்லும் என்பதே இங்கு எழும் கேள்வி.

விசாரணைக்கு முன் அந்த இயந்திரத்தின் அமைப்பைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கார் ஏசி என்பது மூடிய ஒரு சுற்று. அதனுள் ஓடும் குளிர்பதன வாயுவைக் கம்ப்ரசர் அழுத்திச் சூடாக்குகிறது. வண்டியின் முகப்பில் உள்ள கண்டென்சர் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விட்டு வாயுவைத் திரவமாக்குகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை வழியே பீறிடும் அந்தத் திரவம், டேஷ்போர்டுக்குப் பின்னே உள்ள எவாப்பரேட்டர் என்னும் கூட்டுக்குள் கொதித்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆவி மறுபடியும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. 1990-களின் நடுப்பகுதியிலிருந்து உலகெங்கும் பெரும்பாலான கார்களில் இந்த வேலையைச் செய்துவரும் ஆர்-134ஏ என்னும் வாயு, இயல்பான காற்றழுத்தத்தில் சுழிக்குக் கீழே 26 பாகை செல்சியசில் கொதிக்கும். பெட்ரோலைப் போல இது எரிந்து தீர்வதில்லை. ‘கேஸ் தீர்ந்துவிட்டது, அடித்துக் கொடுங்கள்’ என்று பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருபவர்கள் சொல்வது வழக்கமே ஆயினும், அந்தச் சுற்றில் வாயு குறைந்திருந்தால் அது எங்கோ வழியாக வெளியேறியிருக்கிறது என்பதே பொருள். கம்ப்ரசரின் அச்சு வெளிவரும் இடத்திலுள்ள சீல், குழாய் மூட்டுகளின் ஓ-ரிங்குகள், கல் தெறித்துத் துளைபட்ட கண்டென்சர் ஆகிய மூன்றும் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடங்கள். கசிவைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது.

பழுது பார்க்கும் முறையில்தான் அறத்தின் கேள்வி ஒளிந்திருக்கிறது. குழாயைத் திறப்பதற்கு முன் உள்ளே எஞ்சியிருக்கும் வாயுவை வெளியேற்றியாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. சர்வீஸ் வால்வின் நடு ஊசியை அழுத்திப் பிடித்தால் சீறிக்கொண்டு வரும் வாயு சில நிமிடங்களில் அடங்கிவிடும். செலவு ஏதும் இல்லை. மற்றொரு வழி, மீட்பு இயந்திரம் எனப்படும் பெட்டியின் நீலக் குழாயைக் குறைந்த அழுத்தப் பக்கமும் சிவப்புக் குழாயை உயர்ந்த அழுத்தப் பக்கமும் பொருத்தி, உள்ளிருப்பதை உருளைக்குள் இழுத்துக்கொள்வது. அந்த இயந்திரம் வாயுவோடு வந்த எண்ணெயைப் பிரித்து, ஈரத்தை வடிகட்டி, எத்தனை கிராம் மீண்டது என்பதை எண்ணில் காட்டும். கசிவைச் சரிசெய்த பின் வேக்கம் பம்ப் அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஓட வேண்டும். உள்ளே அழுத்தம் மிகவும் தாழும்போது குழாய்ச் சுவரில் ஒட்டிய ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது, எஞ்சும் ஈரமோ எண்ணெயோடும் வாயுவோடும் கூடி அமிலமாகி உலோகத்தை அரிக்கவும் வால்வின் துளையில் பனியாக உறைந்து அடைக்கவும் வல்லது. அதன் பின் பம்பை நிறுத்திவிட்டு கேஜின் முள் அசைகிறதா என்று காத்திருந்து பார்க்கும் கட்டம் ஒன்றுண்டு. முள் மெல்ல ஏறினால் கசிவு இன்னும் இருக்கிறது, அல்லது ஈரம் போகவில்லை. எந்தக் கருவியும் ஓடாத, கை சும்மா இருக்கும் இந்தக் காத்திருப்பையே அவசரக்காரப் பட்டறைகள் முதலில் விட்டுவிடுகின்றன.

நிரப்பும் கட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பானட்டைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் வாயுவின் வகையும் எடையும் அச்சிடப்பட்டிருக்கும். சிறிய கார்களுக்கு 400, 500 கிராம் அளவில் இருக்கும். நின்றிருக்கும் வண்டியில் கேஜ் காட்டும் அழுத்தத்தைக் கொண்டு உள்ளே எவ்வளவு வாயு இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஏனெனில் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை அழுத்தத்தை வெப்பநிலையே தீர்மானிக்கிறது. பாதி போய்விட்ட வண்டியும் முழுமையான வண்டியும் ஒரே நிழலில் நின்றால் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே தராசில் உருளையை வைத்து எடை பார்த்து நிரப்புவதைத் தவிர நேர்மையான வழி இல்லை.

இப்போது அந்தச் சில நிமிடச் சீறலின் அளவைப் பார்க்கலாம். காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் நான்காம் அறிக்கை கணித்தபடி, நூறு ஆண்டுகளைக் கணக்கில் கொண்டால் 1 கிலோ ஆர்-134ஏ வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் 1430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 500 கிராம் வெளியேறினால் 715 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியாவதால், இது 310 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பானது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் நாலாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய கணக்கு. ஊசியை அழுத்திய விரலுக்கு இதில் எதுவும் தெரிவதில்லை.

எண்ணத்தின் கட்சிக்காரருக்கு இந்த வாயுக்களின் வரலாறு வலுவான சாட்சி. 1920-களின் குளிர்பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகிய நச்சு வாயுக்கள் ஓடின. கசிந்தால் வீட்டிலிருப்பவர் உயிருக்கே ஆபத்து. அதற்கு மாற்றுத் தேடிய அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் 1928-இல் கண்டடைந்த குளோரோபுளோரோகார்பன் என்னும் சேர்மம் எரியவில்லை, நச்சாகவும் இல்லை. 1930-இல் அறிவியலாளர் அவையில் மிட்ஜ்லி அதைத் தம் நெஞ்சுக்குள் இழுத்து, மெழுகுவர்த்திச் சுடர்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். உயிர்களைக் காக்கவே செய்யப்பட்ட அந்தப் பொருள், 1974-இல் ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் காட்டியபடி, வானின் உயரத்தில் உடைந்து ஓசோன் படலத்தை அரிக்கும் குளோரினாக மாறுகிறது. 1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் பெருமளவு மெலிந்திருப்பதைப் பிரிட்டானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. கார்களில் ஓடிய ஆர்-12 அகற்றப்பட்டு, ஓசோனுக்குக் கேடு செய்யாத ஆர்-134ஏ வந்தது. அது வெப்பத்தைப் பிடிப்பது பெருங்கவலையானபோது, 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் அந்த உடன்படிக்கை திருத்தப்பட்டது. இத்திருத்தத்தை 2021-இல் ஏற்ற இந்தியா, இந்த வகை வாயுக்களின் பயன்பாட்டை 2028-இல் உச்சவரம்பில் நிறுத்தி, 2047-க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும்.

மிட்ஜ்லியைக் குற்றவாளியாக்குவது இன்று எளிது, ஆனால் குளோரோபுளோரோகார்பனைப் பொறுத்தவரை அது நியாயமன்று. (பெட்ரோலில் ஈயம் கலந்தது வேறு கதை, ஈயம் நச்சு என்பது அப்போதே தெரிந்த செய்தி.) அன்றைய அறிவு காட்டிய ஆபத்துகள் அனைத்தையும் அவர் சோதித்தார். ஆனால் 1974-க்குப் பின்னும், அதைவிட 1985-க்குப் பின்னும் ஊசியை அழுத்தியவர்களுக்கு அந்த விலக்கு கிடைக்காது. அப்படியானால் குற்றத்தைத் தீர்மானிப்பது பகைமை கொண்ட எண்ணமும் அன்று, கண்ணால் கண்ட விளைவும் அன்று. அறிந்திருக்கக் கூடியதை அறியாதவர்போல் நடந்துகொள்ளும் ஒரு மனநிலை.

அண்மைக்கால மேலைத் தத்துவம் இந்தப் புதிரை வேறு வழியில் அணுகியது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் வால்டர் சின்னட் ஆம்ஸ்ட்ராங் 2005-இல் வெளிவந்த கட்டுரையொன்றில், விடுமுறை நாளில் வெறும் இன்பத்துக்காகப் பெரிய காரை ஓட்டுபவரால் உலக வெப்பத்தில் எந்த வேறுபாடும் விளைவதில்லை என்பதால், அதைத் தவிர்க்கும் கடமை தனிமனிதருக்கு உண்டென்று நிறுவ இயலவில்லை என்றும், கடமை அரசுகளைச் சீர்திருத்துவதில் இருக்கிறது என்றும் வாதிட்டார். டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட நூலில், தனித்தனியே உணர முடியாத பல செயல்கள் சேர்ந்து பெருந்துன்பமாகும்போது, உணர முடியாமை ஒவ்வொருவருக்கும் விடுதலை தராது என்று காட்டியிருந்தார். இருவரும் விளைவைத்தான் பங்கு போடுகிறார்கள். ஒருவர் பங்கு சுழி என்கிறார், மற்றவர் சுழியன்று என்கிறார். பட்டறையில் நிற்பவருக்கு இந்தக் கணக்கு உதவுவதில்லை, ஏனெனில் அவர் முன் உள்ள தெரிவு உலக வெப்பம் ஏறுவதா இறங்குவதா என்பதன்று. கையிலிருக்கும் பொருளை எங்கே வைப்பது என்பதே.

சமண நூல்கள் இவ்விடத்தில் எதிர்பாராத துணையாகின்றன. உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிரைப் பிரித்தல் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், விழிப்பற்ற நிலையில், அதாவது பிரமத்த யோகத்தால், உயிரைப் பிரித்தல் என்று சொல்கிறது. இன்னும் ஒருபடி மேலே சென்ற குந்தகுந்தர், பிரவசனசாரத்தில், உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் அசட்டையாக நடப்பவருக்கு இம்சை உறுதி என்றும், நெறிப்படி கவனித்து நடப்பவருக்கு உயிர் மடிந்தபோதும் அதனால் வினை ஒட்டுவதில்லை என்றும் கூறுகிறார். வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையோடு தொடர்புபடுத்தி மரபு போற்றும் இவர் தமிழருக்கு அயலார் அல்லர். திருக்குறளையே இவருக்கு உரியதாக்கும் சமண மரபும் உண்டு, அது தனி வழக்கு. உபாலி சூத்திரம் வரைந்து காட்டும் சமணம், எண்ணத்தைக் காணாத முரட்டுச் சமணம்; குந்தகுந்தரின் சமணமோ எண்ணத்துக்கும் விளைவுக்கும் நடுவே கவனம் என்ற மூன்றாவது ஒன்றை நிறுத்துகிறது.

இதே வரையறையை, குந்தகுந்தரைக் கேள்விப்பட்டிராத அமெரிக்க நாடாளுமன்றமும் எட்டியது வியப்பானது. 1990-இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தின் 608-ஆம் பிரிவு, குளிர்பதனப் பொருள்களை அறிந்தே காற்றில் விடுவதைத் தடை செய்துவிட்டு, உடனேயே ஒரு விலக்கையும் சேர்க்கிறது: நல்லெண்ணத்தோடு மீட்க முயலும்போது கசியும் மிகச் சிறு அளவு குற்றமாகாது. மீட்பு இயந்திரத்தின் குழாயைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று போகும் சில துளிகள் மன்னிக்கப்படுகின்றன. இயந்திரத்தையே பொருத்தாமல் விட்டது மன்னிக்கப்படுவதில்லை. வெளியேறிய வாயு காற்றில் செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றே. நடந்து செல்லும் துறவியின் காலடி பற்றிய பழைய கேள்விக்கு இதைவிடத் துல்லியமான சட்ட வடிவம் கிடைப்பது அரிது.

ஆனால் நடத்தலைவிட நெருக்கமான இன்னொரு நெறி சமணத்தில் இருக்கிறது. அறநூலார் அதை அதிகம் எடுத்துப் பேசுவதில்லை என்பது குறையே. துறவிகளுக்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகள், அதாவது ஐந்து கவனங்கள், நடப்பதில், பேசுவதில், உணவு ஏற்பதில், பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும், கழிப்பதில் என்று விரிகின்றன. கடைசியானது உத்சர்க்க சமிதி. மலம், சிறுநீர், சளி போன்றவற்றை உயிரினம் இல்லாத இடம் பார்த்து, நன்கு கவனித்தே கழிக்க வேண்டும் என்கிறது அது. தனக்கு வேண்டாததாகிவிட்ட பொருளும் இன்னொரு உயிருக்கு வேண்டாதது ஆகிவிடுவதில்லை, அது போய்ச் சேரும் இடத்தில் யாரோ இருக்கிறார்கள் என்பதே இந்த நெறியின் உள்ளீடு. கொல்லாமை பற்றி எல்லாச் சமயங்களும் பேசியிருக்கின்றன. கழித்தலை ஐம்பெரும் கவனங்களுள் ஒன்றாக வைத்த துணிவு சமணத்தினுடையது. குளிர்பதன வாயுவைப் பொறுத்தவரை, உயிரினம் இல்லாத இடம் என்று ஒன்று காற்றில் கிடையாது. ஆர்-134ஏ ஏறக்குறைய 14 ஆண்டுகளும், பழைய ஆர்-12 ஏறக்குறைய 100 ஆண்டுகளும் வளிமண்டலத்தில் நிலைத்திருந்து உலகம் முழுவதும் கலந்துவிடுகின்றன. அவற்றை விடத்தக்க இடம் உருளை ஒன்றே.

குற்றத்தை ஊசி அழுத்திய தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டுவது, நீலகேசி மறுத்த வாதத்துக்கே திரும்பிப் போவதாகும். தத்துவார்த்த சூத்திரம் தீவினைக்கு இடமாகும் செயல்களை வகுக்கும்போது, எண்ணுதல், ஆயத்தமாதல், தொடங்குதல் என்ற மூன்றையும், மனம், மொழி, உடல் என்ற மூன்றையும், தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்ற மூன்றையும், சினம் முதலான நான்கு கசடுகளையும் பெருக்கி 108 வகை காண்கிறது. இதில் செய்வித்தலும் உடன்படுதலும் செய்தலுக்குச் சமமான வரிசையில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். ‘கசிவெல்லாம் பார்க்க நேரமில்லை, கேஸ் மட்டும் போட்டுக் கொடுங்கள், சாயங்காலம் வெளியூர் போக வேண்டும்’ என்று சொல்லும் உரிமையாளர் செய்விக்கிறார். மீட்பு இயந்திரம் வாங்காமல் மலிவாக முடித்துத் தரும் பட்டறையைத் தேடிப் போய் நண்பருக்கும் பரிந்துரைப்பவர் உடன்படுகிறார். வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை என்று திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் காட்டும் சந்தையின் தர்க்கம் இங்கும் அப்படியே பொருந்துகிறது. தினக்கூலியில் குனிந்து நிற்கும் தொழிலாளியிடமே அறத்தின் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு, குளிர்ந்த இருக்கையில் சாய்ந்துகொள்வது வசதியான பக்தி. ஒரு லட்சம் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிப்பதை 2019-இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் இலக்காக வைத்ததும், பழியைவிடக் கற்பித்தலே முதலில் வேண்டும் என்பதை உணர்ந்ததாலேயே இருக்க வேண்டும்.

ஏசியையே விட்டொழிப்பதுதான் தூய வழி என்று ஒருவர் வாதிடலாம். துறவிக்கு அது பொருந்தும். இல்லறத்தாரின் நிலையை உணர்ந்த பிற்காலச் சமண நூலோர் இம்சையை நான்காகப் பிரித்தனர்: வேண்டுமென்றே செய்வது, வீட்டுப் பணிகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். மற்ற மூன்றையும் இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். மே மாத வெயிலில் நோயாளியை ஏற்றிச்செல்லும் வண்டிக்குக் குளிர் வேண்டும் என்பதில் வழக்கில்லை. பட்டறையில் நேர்வது தொழில் வழிப்பட்டது; ஆனால் மீட்கும் கருவி அருகில் இருந்தும் ஊசியை அழுத்தும்போது அது தொழிலின் எல்லையைத் தாண்டி, முதல் வகையின் வாசலில் போய் நிற்கிறது.

புதிய கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் என்னும் வாயு இந்தக் கவலையைத் தீர்த்துவிட்டதாக எண்ணுவதும் பொருந்தாது. அது காற்றில் சில நாள்களிலேயே உடைந்துவிடுவதால் வெப்பத்தைப் பிடிப்பது மிகக் குறைவு. ஆனால் உடைந்து உண்டாகும் டிரைபுளோரோ அசிட்டிக் அமிலம் மழையோடு இறங்கி, எளிதில் சிதையாமல் நீர்நிலைகளில் சேர்கிறது. நச்சு வாயுவுக்கு மாற்றாக ஆர்-12, அதற்கு மாற்றாக ஆர்-134ஏ, அதற்கு மாற்றாக இது என்று ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதன் குற்றத்தைத் தீர்த்துத் தன் குற்றத்தைப் பின்னர் அறிந்திருக்கிறது. குழாயில் ஓடுவது எதுவாயினும் அதை மீட்டு வைப்பவருக்கு இந்த வரிசையின் அடுத்த திருப்பம் பெரிய அதிர்ச்சியாக இராது.

சமணர் நாள்தோறும் செய்யும் பிரதிக்கிரமணம் என்னும் சடங்கில், நேர்ந்த பிழைகளைப் பொதுப்படையாகச் சொல்லாமல், நடந்தபோது மிதித்தது, எடுத்தபோது நசுக்கியது என்று வகைவகையாக நினைவுகூர்வது வழக்கம். பட்டறைகளின் பில்லில் ‘ஏசி சர்வீஸ்’ என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக மீட்ட எடையும் நிரப்பிய எடையும் தனித்தனியே எழுதப்பட்டால், அந்த நினைவுகூரலுக்கு ஒப்பான ஒன்று நடைமுறைக்கு வந்துவிடும். அதற்குப் புதுச் சட்டமும் தேவையில்லை, இயந்திரம் ஏற்கெனவே காட்டும் இரண்டு எண்களைப் படியெடுத்தால் போதும். 310 கிராம் மீட்டு 500 கிராம் நிரப்பப்பட்டது என்றால், கடந்த முறைக்கும் இந்த முறைக்கும் இடையே 190 கிராம் எங்கோ கசிந்திருக்கிறது. அடுத்த ஆண்டும் அதே வண்டி அதே வித்தியாசத்தோடு வந்து நின்றால், அறியாமல் நேர்ந்தது என்ற விலக்கை உரிமையாளர் கோர முடியாது. ஓ-ரிங்கை மாற்ற எவ்வளவு ஆகும் என்று அவர்தான் கேட்டாக வேண்டும்.